பரமத்தி ரோட்டில் அறுந்த இழை

"வைஃபை ஃபுல்லா காட்டுதுங்க. நெட்டு மட்டும் வரலீங்க."

நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். கணக்குப் பார்க்கும் பெண் போனில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய வெள்ளைப் பெட்டியில், 'லாஸ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வாசலில் ஸ்டார்ச் மூட்டை ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லாரி, அகமதாபாத் போக வேண்டியது. சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கும் ஈ-வே பில்லில் வண்டி எண் ஏறாமல் அது நகராது. 2018 ஏப்ரலில் வந்த நடைமுறை.

"ஏனம்மிணி, பில்லு ஆச்சா?" என்று டிரைவர் வாசலிலிருந்தே கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா."

சும்மா இருக்க முடியாமல் நேற்றைய லாரி ரசீதுக்கு ஒரு நகல் அடிக்க பட்டனைத் தட்டினார் அந்தப் பெண். மூலையில் பிரிண்டர் உறுமிக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. டிரைவர் புருவத்தை உயர்த்தினார். "நெட்டு இல்லேன்னீங்க, இது மட்டும் எப்புடி வருது?" யாரும் பதில் சொல்லவில்லை. சுவரோரப் பெஞ்சில் இருந்த நானும் சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான்.

மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கேமராவுக்கான டிவிஆர். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீல வயர் மேசைக்கடியில் உள்ள சின்னப் பெட்டிக்குப் போகிறது. அதற்குப் பெயர் சுவிட்ச். கம்ப்யூட்டர் அனுப்பியது சுவிட்ச் வரை போய், அங்கிருந்து பிரிண்டருக்கு வந்துவிட்டது. வாசற்படியைத் தாண்டவே இல்லை. இப்படி ஓர் இடத்துக்குள் முடிந்துவிடும் வலைதான் லேன். வைஃபையும் இந்த உள்வீட்டு விவகாரம்தான். நீல வயர் செய்யும் வேலையை ரேடியோ அலை செய்கிறது, அவ்வளவே. செல்போனில் எல்லாக் கோடும் நிறைந்து தெரிந்தால், செல்போனும் சுவர்ப் பெட்டியும் நன்றாகப் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். பெட்டிக்கு அந்தப் பக்கம் என்ன கதி என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே புதிதாகப் படிக்க வருபவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்குள் முதலாளியின் போன். கோழிப்பண்ணையில் இருக்கிறாராம், ஆபீஸ் கேமரா தெரியவில்லையாம். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது, பதிவும் ஆகிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் படம் பண்ணை வரை போக வழி இல்லை.

கேபிள்காரத் தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு பை, டிவிஎஸ் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு மெஷின் பெட்டி. கம்ப்யூட்டர் பக்கமே அவர் போகவில்லை. நேராகச் சுவர்ப் பெட்டிக்குப் போய், பச்சை முனையுள்ள, ஒளி வரும் மெல்லிய வயரைக் கழற்றி, உள்ளங்கை அளவுள்ள மீட்டரில் செருகினார். "வெளிச்சமே வரலீங்கக்கா. ரோட்டுலதான் அறுந்திருக்கு."

திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் நெட்வொர்க் பாடம், வயரில் தொடங்கி நாம் பார்க்கும் பக்கம் வரை வலையைப் பிரித்துக் காட்டும் ஏழு அடுக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறது. பெயர்கள் வேண்டியவைதான். ஆனால் கீழ் அடுக்கை முதலில் பார், அது சரியாக இருந்தால் மட்டும் மேலே போ என்கிற ஒழுங்கை இந்தத் தம்பியின் கையில் பார்த்தபோதுதான் அந்த ஏழுக்கும் உயிர் இருப்பது தெரிந்தது.

அவர் கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். நானும் ரோட்டோரமாகப் பின்னாலேயே போனேன். வளைவில் புளியமரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு கேபிள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. விடிகாலையில் வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி இழுத்துப் போயிருக்கிறது. கேபிளில் வைக்கோல் துணுக்கு இன்னும் சிக்கியிருந்தது. அவர் மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். மேலுறையைச் சீவியதும் உள்ளிருந்து நிறம் நிறமாய் இழைகள் வந்தன. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. இங்கே பெரும்பாலான கேபிள்களில் இதுதான் வரிசை. அந்தப் பக்கத்து நீலம் இந்தப் பக்கத்து நீலத்தோடு சேர வேண்டும். நிறப்பூச்சை உருவி, ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்தார். மிஞ்சியது கண்ணாடி. அதன் குறுக்களவு 125 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி ஓடுவது நடுவில் உள்ள ஒன்பது மைக்ரான் தண்டில்தான்.

சின்னக் கத்திப் பெட்டியில் வைத்து அழுத்தினார். டிக். முனை செங்குத்தாக வெட்டுப்பட்டது. கழிந்த துணுக்கைக் கீழே போடவில்லை. சட்டைப் பொத்தானுக்கு மேலே தயாராக ஒட்டி வைத்திருந்த இன்சுலேஷன் டேப்பில் ஒற்றிக்கொண்டார். விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, எடுக்கவும் வராது. இரண்டு முனைகளையும் மெஷினுக்குள் வைத்து மூடியதும் சின்னத் திரையில் அவை இரண்டு தூண்களாகத் தெரிந்தன. மெஷினே அவற்றை மேலும் கீழும் நகர்த்தி நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு மின்பொறி. இரண்டு தூண்களும் ஒன்றாகிவிட்டன. திரையில் 0.02 டெசிபல் இழப்பு என்று வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஆரஞ்சை எடுத்தார். கண்ணாடி இழை வழியே செய்தியை வெகுதூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் சொன்னது 1966இல். அதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விஞ்ஞானம் இன்று சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்கிற கைத்தொழிலாகியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு நாம் தரும் மதிப்பு போதாது.

இதற்குள் ஸ்டார்ச் லாரி எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் கையில் பில். அந்தப் பெண் தன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டவர் வழியாக அனுப்பிவிட்டார். கண்ணாடி வழி அடைபட்டால் காற்று வழி. எந்த வழியானாலும், வலையில் பெரிய செய்தி எதுவும் முழுசாய்ப் போவதில்லை. பெரிய சரக்கைப் பல லாரியில் பிரித்து ஏற்றி, ஒவ்வொரு ரசீதிலும் எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது லோடு என்று எழுதுவதுபோல, செய்தி பொதுவாக 1,500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாகப் பிரிந்து போகிறது. முன்பின்னாக வந்தாலும் சேருமிடத்தில் அடுக்கிக்கொள்ளலாம். ஒன்று வழியில் தொலைந்தால் அதை மட்டும் திரும்பக் கேட்கலாம். 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்பாநெட் இந்த டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. பொதுமக்களுக்கு இன்டர்நெட் இந்தியாவில் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். இன்று இந்தப் புளியமரத்து இழையில் கிளம்பும் ஒளி ஏறக்குறைய இரண்டு மில்லிசெகண்டில் சென்னை தூரத்தைக் கடந்துவிடும். அங்கிருந்து கடலடி கேபிள்கள் சிங்கப்பூருக்குப் போகின்றன.

இழைகள் சேர்ந்தன. ஆபீஸில் சிவப்பு அணைந்தது. மீட்டர் மைனஸ் இருபது காட்டியது, நல்ல அளவுதான். ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வாடியது. தம்பி இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் உள் எண் 192.168.1.5. இதே எண் சேலத்தில் ஆயிரம் வீட்டில் இருக்கலாம், சண்டை வராது. வெளியே போகும்போது சுவர்ப் பெட்டி தன் எண்ணைப் போட்டு அனுப்பிவிடும். முதலில் அந்தப் பெட்டிக்கு, 192.168.1.1க்கு, பதில் வருகிறதா என்று பார்க்க 'பிங்' அடித்தார். பதில் வந்தது. பிறகு கூகுளின் 8.8.8.8. அதுவும் வந்தது. கடைசியாக ஒரு தளத்தின் பெயரைப் போட்டார், வரவில்லை.

"நம்பருக்கு வருது, பேருக்கு வரல. டிஎன்எஸ்ஸை யாரோ மாத்தி வெச்சிருக்காங்கக்கா." வலையில் ஓடுவதெல்லாம் எண்தான். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்ல ஓரிடம் வேண்டும், அதுதான் டிஎன்எஸ். இந்தக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்த இடம் தப்பு. அவர் அதைத் தானியங்கிக்கு மாற்றினார். பக்கம் திறந்தது.

அந்தப் பெண் லெட்ஜரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "வரிசையாச் சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன்" என்றார். விளக்கு, பெட்டி எண், நாலு எட்டு, பெயர். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"இதுல எங்க நின்னா உங்களக் கூப்பிடோணும்?"

"வெளக்கு செவப்புன்னா உடனே கூப்பிடுங்க. நாலு எட்டுல நின்னாலும் கூப்பிடுங்க. பெட்டி எண்ணுலயே நின்னா நீங்களே மேசைக்கடியில நீல வயரப் பாருங்கக்கா, கிளிப்பு ஒடஞ்சு லூசா இருக்கும்."