திருப்பி வைக்கும் கை



மும்பையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை நான். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவருவதைச் சென்ற ஆண்டு வகுப்பறையிலேயே காட்ட விரும்பினேன். கடையில் விற்கும் பண்ணை முட்டைகள் இதற்கு உதவா. அவை சேவலோடு சேராத கோழிகள் இட்டவை. ஆகையால் வசாயில் நாட்டுக்கோழி வளர்க்கும் சபைச் சகோதரர் ஒருவரிடம் 12 முட்டைகள் வாங்கி, சிறியதொரு இன்குபேட்டரில் வைத்தோம்.

37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈரப்பதத்திற்குக் கிண்ணத்தில் நீர், 21 நாள் பொறுமை. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறையாவது முட்டைகளைத் திருப்பி வைக்க வேண்டும். இல்லையேல் வளரும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கோழி இதை இரவும் பகலும் தன் அலகினால் செய்கிறது. எங்கள் பிள்ளைகளோ ஒரு பக்கம் சிலுவைக் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இட்டு, முறைவைத்துத் திருப்பினார்கள்.

முதல் வாரத்தின் சனியும் ஞாயிறும் பள்ளி விடுமுறை. அந்நாட்களில் நானே வந்து திருப்புவதாகப் பிள்ளைகளிடம் வாக்களித்திருந்தேன். சனிக்கிழமை உபவாச ஜெபம்; ஞாயிறு காலை ஆராதனை, மாலையில் வீட்டுக்கூட்டம். நான் போகவில்லை. மின்சாரம் இருக்கிறது, வெப்பம் குறையாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தினோம். 21-ஆம் நாள் காலையில் ஓடுகளில் கீறல் கண்டது. மாலைக்குள் ஐந்து குஞ்சுகள்! பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். இரண்டு நாள் பொறுத்து, அவர்கள் வீடு சென்றபின், எஞ்சிய ஏழையும் உடைத்துப் பார்த்தேன். மூன்றில் கரு உண்டாகவே இல்லை. நான்கில் உண்டாகி, ஓட்டோடு ஒட்டி, வளர்ச்சி பாதியில் நின்றிருந்தது. அந்த இரண்டு நாட்களே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் என் மனச்சாட்சி வேறு காரணத்தைத் தேடவில்லை.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டான்: "சூடு மட்டும் போதும்னு நினைச்சிட்டீங்களாம்மா?"

அவன் முட்டையைப்பற்றித்தான் கேட்டான். எனக்கோ உணவு இறங்கவில்லை. டியூஷன் கட்டணம், புதிய காலணி, வேளைக்குச் சாப்பாடு, எதிலும் அவனுக்குக் குறைவில்லை. அவனோடு அமர்ந்து பேசி எத்தனை வாரமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஆதியாகமத்தின் தொடக்கத்தில் ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடியதைச் சொல்லும் எபிரெய வினைச்சொல்லே, உபாகமம் 32-ஆம் அதிகாரத்தில் தன் குஞ்சுகளின்மேல் அசைவாடும் கழுகுக்கும் வருகிறது. நம் தேவன் தூரத்திலிருந்து வெப்பம் அனுப்புகிறவர் அல்லர். அருகில் வந்து அசைவாடுகிறவர். அவருடைய ஊழியத்தைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டே, அவர் ஒப்படைத்த பிள்ளையை நான் தொடாமல் விட்டிருந்தேன்.

பிரியமானவர்களே, ஊரில் ஆச்சியும் அத்தையும் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு வளர்த்தார்கள். இந்நகரத்தில் அந்தக் கைகள் நமக்கு அருகில் இல்லை. பிழைப்பும் கூட்டங்களும் போக எஞ்சுவது நம் இரு கைகளே.

போதகரிடம் சொல்லி, ஞாயிறு மாலைக் கூட்டப் பொறுப்பை வேறொரு சகோதரியிடம் ஒப்படைத்தேன். அந்த மாலை இப்போது என் மகனுக்குரியது. முதல் இரண்டு வாரம் அவன் அதிகம் பேசவில்லை. மூன்றாம் வாரம், "அந்தக் கோழிக்குஞ்சுகளைப் பார்க்க வசாய்க்குப் போகலாமா?" என்றான். போனோம்.

இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்குமுன் அருகில் சென்று அமருங்கள். கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.