‘ஆம்’ஐ அடித்தது நான்தான்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் பதினோரு வருஷம் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தேன். எஸ்டேட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களின் பிள்ளைகள், ஆவடியிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள். சிவப்பு மையைத் தாராளமாக அள்ளிவிடுவதில் எனக்கு அப்போது ஒரு ருசி.

ஒரு பிளஸ் டூ பெண் ‘இட் இஸ் ஐ ஹூ ஆம் ரெஸ்பான்சிபிள்’ என்று எழுதியிருந்தாள். ‘ஆம்’ஐ அடித்து ‘இஸ்’ போட்டேன். அரை மார்க் போயிற்று. மறுநாள் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டினோடு வந்து நின்றாள்.

“சார், ஹூவுக்கு முன்னாடி யார் இருக்காங்களோ அதுக்கேத்த மாதிரிதான் வெர்ப் வரணும்னு போட்டிருக்கு சார். முன்னாடி ஐ இருக்கே?”

புத்தகத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. “அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ்மா. உட்காரு.”

அன்றிரவு புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி.

என்னைக் கவிழ்த்தது தமிழ்க் காது. செய்தேன், செய்தாய், செய்தார்கள் என்று ஆளுக்கொரு வால் வைத்துக்கொள்ளும் நம் வினை, அழுத்திச் சொல்வதற்காக வாக்கியத்தைப் பிளந்ததும் அஃறிணையாக உறைந்துவிடும்: செய்தது நான், செய்தது நீ, செய்தது அவர்கள். இங்கிலீஷில் உறைந்து நிற்பது முன்னாலிருக்கும் ‘இட் இஸ்’ மட்டும்தான். பின்னால் வருவது ஆளைப் பார்த்து மாறும்: ஐ ஹூ ஆம், தே ஹூ ஆர். டென்மார்க்கின் யெஸ்பர்சன் 1937இல் இந்த வகைக்குப் ‘பிளந்த வாக்கியம்’ என்றே பேர் வைத்தார். பேச்சில் ‘இட்ஸ் மீ ஹூ இஸ்’ என்கிறார்கள்தான். அந்தச் சந்தில் நுழைந்து தப்பிக்கவும் பார்த்தேன். அவள் ‘மீ’ எழுதவில்லையே.

இலக்கணம் தவறியதற்குத் தமிழைச் சாட்டலாம். மறுநாள் வகுப்பில் வாய் திறக்காததற்கு யாரைச் சாட்டுவது? நாளைக்குச் சொல்லலாம், டெஸ்ட் முடியட்டும் என்று தள்ளினேன். அந்த டெஸ்டில் அவளே ‘இஸ்’ என்று எழுதியிருந்தாள். டிக் அடித்து முழு மார்க் போட்டேன்.

போன மாதம் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை.

“எனக்கு இங்கிலீஷ் கத்துக் குடுத்ததே நீங்கதான் சார்” என்றாள், பக்கத்தில் நின்ற தோழிக்கும் கேட்கிற மாதிரி.

“ஆமாம்மா” என்றேன். பூந்தமல்லி பஸ் வந்தது. உட்கார இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.