‘சாப்பிட்டியாடி?’

கே.கே. நகரிலிருந்து ஞாயிறுதோறும் அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி, “சாப்பிட்டியாடி?”

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் படிக்கும் மகள், “ஆச்சும்மா” என்பாள். பாதி நாள் அது பொய். அங்கே ஞாயிறன்று கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை வாங்க மறந்தால், மிச்சமிருக்கும் ரொட்டிதான்.

மாணவர் டிக்கெட் இருப்பதால் வார இறுதியில் ஊர் சுற்ற ரயில் செலவில்லை. கொலோன் நகரில் ரைபகூகன் சாப்பிட்டாள். உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்தது. தொட்டுக்கொள்ள இனிப்பான ஆப்பிள் கூழ். நம் அடைக்கு வெல்லம் மாதிரி!

ஒரு ஞாயிறு, பக்கத்திலிருக்கும் ஹாம் நகருக்குப் போனாள். ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் அங்கிருக்கிறது. 2002-ல் குடமுழுக்கு நடந்தது. 17 மீட்டர் ராஜகோபுரம். தரிசனம் முடித்து நின்றவளிடம் ஒரு பெரியம்மா, “பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் சோறும் பருப்பும் பரிமாறினார். முதல் கவளத்திலேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும் அம்மாவை அழைத்தாள். “சாப்பிட்டேன்மா. நிஜமா.”

“அப்போ, இத்தனை நாளா?”

அவளிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை எங்கே சுற்றினாலும், திரும்பும்போது அரிசியும் தயிரும் வாங்காமல் வருவதில்லை.