செல்ஃபில் கை வைக்காதீங்க

மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்று இடிபடப் போகிறது என்றால் வாஷியில் எனக்கு போன் வரும். ரீடெவலப்மென்ட் வந்த பிறகுதான் பம்பாயின் கராஜ் கதவுகள் திறக்கின்றன. முப்பது நாற்பது வருஷம் பூட்டிக் கிடந்த கதவு, உள்ளே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு அமெரிக்க வண்டி. விற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடலாமா?”

கூடாது. இத்தனை வருஷத்தில் இந்தப் பதிலை நான் மாற்றிக்கொண்டதே இல்லை.

கடைசியாகப் பார்த்தது 1951 டாட்ஜ் கிங்ஸ்வே. வீட்டு மாமிக்கு எண்பதை நெருங்கும் வயசு. வண்டி மாமனார் வாங்கியது. மாமா கடைசியாக ஓட்டியது 1986-இல். நான் போனபோது யாரோ உதவி செய்வதாக நினைத்துப் புதுப் பேட்டரி ஒன்றை வாங்கி வந்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வோல்ட். இந்த வண்டியோ ஆறு வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த். நல்லவேளை, வயரை இன்னும் மாட்டவில்லை. எலி கடித்த துணிச் சுற்று வயரில் அந்தக் கரண்ட் பாய்ந்திருந்தால் அந்தச் சின்ன கராஜில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

“இத்தனை வருஷமா ஓடாம சும்மாத்தானே தம்பி நின்னுது? என்ன கெட்டுப்போயிருக்கும்?” என்றார் மாமி.

சும்மா நிற்கும் வண்டிதான் மாமி கெடும், என்றேன். இரும்பு மெதுவாகத்தான் போகும். முதலில் சாவது வண்டிக்குள் இருக்கும் திரவங்கள். பெட்ரோல் சுண்டிப் பிசினாகி டேங்கின் அடியிலும் கார்புரேட்டர் ஜெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து, வீல் சிலிண்டரைத் துருவால் இறுக்கிவிடும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் வடிந்துபோகும். அந்த இடத்தில் ஒரு மழைக்காலம் போதும், ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள. இந்த ஊரில் அப்படி எத்தனை மழைக்காலம்! 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அதற்குப் பிறகு திறந்த எந்த கராஜிலும் நான் முதலில் பார்ப்பது சுவரில் இருக்கும் தண்ணீர்க் கோட்டைத்தான். கோடு சக்கரத்தின் நடுவுக்கு மேலே இருந்தால், கியர் பெட்டியிலும் பின் ஆக்ஸிலிலும் தண்ணீர் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். மாமி வீட்டுக் கோடு டயரோடு நின்றிருந்தது.

நான் தாராவியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தார். எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. பதினாலு வயசில் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கராஜில் சேர்ந்தேன். அங்கே என் உஸ்தாத் பிரீமியர் ஆலையில் வண்டி பூட்டிய கை. இந்த ஊரில் இவ்வளவு அமெரிக்க வண்டி ஏன் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். எல்லாமே கப்பலில் முழுசாக வந்து இறங்கியவை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலேயே சிவ்ரியில் ஆலை போட்டு ஷெவர்லே பூட்டியது. ஃபோர்டும் பின்னாலேயே வந்து பம்பாய், சென்னை, கல்கத்தாவில் பூட்டியது. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர், கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டியது. உதிரிபாகம் கொண்டுவந்து பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கவும் வேண்டும் என்று 1953-இல் அரசு சொன்னதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பிரீமியர் ஃபியட்டுக்கு மாறியது. ஆக, மாட்டுங்காவில் நிற்கும் டாட்ஜ் பிறந்தது அமெரிக்கா என்றாலும் வளர்ந்தது இரண்டு ஸ்டேஷன் தள்ளி.

உஸ்தாத் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் உண்டு. கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்தின் போல்ட்டுக்கு மறை தலைகீழ். வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் குழாயைச் செருகி இரண்டு பேர் ஏறி நின்று, போல்ட்டை முறித்த வண்டிகள் நிறைய. ஒரு கராஜுக்குள் நுழைந்து அந்த இடது சக்கரத்தைப் பார்த்தாலே, இந்த வண்டியை இதற்கு முன்னால் தொட்டவன் தெரிந்து தொட்டானா, தெரியாமல் தொட்டானா என்று சொல்லிவிடலாம்.

அவ்வளவு கற்றும், தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருஷம் நான் ஒரு தப்புச் செய்தேன். பதினைந்து வருஷம் நின்ற ஒரு ஷெவர்லே. வீட்டுக்காரர் ஆசைப்பட்டார், நானும் ஆசைப்பட்டேன். பேட்டரியை மாட்டி செல்ஃபை அடித்தேன். இரண்டு வால்வு உறைந்து நின்றதால் புஷ்ராடு வளைந்தது. ரிங் உடைந்து சிலிண்டரில் நகக்கீறல் மாதிரி கோடு கோடாக இழுத்துவிட்டது. பதினைந்து வருஷம் செய்யாத சேதத்தை நான் பத்து நொடியில் செய்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் மாமியின் டாட்ஜில் ஆறு பிளக்கையும் கழற்றினேன். ஒவ்வொரு துளையிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, துணியால் மூடிவிட்டு வாஷிக்குத் திரும்பினேன். இரண்டு நாளுக்கொரு தடவை போய், முன்னால் இருக்கும் புல்லியில் ஸ்பானர் போட்டுக் கையால் அசைப்பேன். அசையவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். கோபம் வரக்கூடாது.

காத்திருந்த நாட்களில் மற்றதைப் பார்த்தேன். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் அடித்திருந்த என்ஜின் எண்ணைத் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்ரோல் விலை ஏறிய எழுபதுகளில் இந்த மாதிரி வண்டிகளின் என்ஜினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சென்னையில் சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசலை வைத்தவர்கள் ஏராளம். குடும்பம் நடத்த வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்த என்ஜினோடு நிற்கும் வண்டி வேறு. 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டி அசல் உருவில் இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். பழைய பதிவு எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வாங்க வருபவர் அந்த எண்ணுக்கும் சேர்த்துத்தான் காசு தருகிறார்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், வண்டியைக் கழுவி, மேலாக ஒரு பெயின்ட் அடித்து, ஓடுகிற வண்டி என்று சொல்லி விற்கலாம் என்றார். நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்: தூசியைக்கூடத் துடைக்காதீங்க தம்பி. பட்டி பூசிப் பளபளக்கும் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று காந்தம் வைத்துப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். தூசி படிந்த கதவு எதையும் மறைக்காது. அடியில் துரு எங்கே, எத்தனை விரல் அகலம் என்று நானே ஒரு தாளில் எழுதித் தருகிறேன். அதோடு விளம்பரம் கொடுங்கள். இந்த ஆறு சிலிண்டர் என்ஜினின் பிளாக்குக்குள் ஒரு நீளமான தகரக் குழாய் உண்டு. பின்பக்கச் சிலிண்டர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது அதுதான். வெளியே தெரியாது. ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் இறக்கினால்தான் உருவ முடியும். நின்ற வண்டியில் அது உளுத்திருக்கும். அதைச் சொல்லாமல் விற்றால், வாங்கியவர் லோனாவாலா மலையேறும்போது ஐந்தும் ஆறும் வெந்துபோகும். அதையும் தாளில் எழுதினேன்.

பதினோராவது நாள் ஸ்பானரை வைத்து அழுத்தினேன். புல்லி ஒரு விரற்கடை நகர்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பின்னுக்கு இழுத்தேன், மறுபடி முன்னுக்கு. அரை மணி நேரத்தில் முழுசாக ஒரு சுற்று. பிளக் துளைகளிலிருந்து கறுப்பு எண்ணெய் ஒவ்வொன்றாகக் கொப்பளித்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமி எழுந்தே விட்டார்.

“அப்போ ஸ்டார்ட் பண்ணலாமா தம்பி?”

“இன்னும் இல்ல மாமி. நாளைக்கு டேங்கை இறக்கணும்.”