குளிர்கடல் வளர்த்த நாய்கள்

நாய்களுக்கு நீர் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வதும், பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வதும் ஒன்றுபோலவே பிழையாகும். புல்டாக், பக் போன்ற தட்டை முக இனங்களுக்குத் தலையும் மார்பும் கனமாகவும் கால்கள் குட்டையாகவும் அமைந்திருப்பதால், ஆழமான நீரில் மூக்கை மேலே நிறுத்துவதே அவற்றுக்குப் பெரும்பாடு. காவலின்றி விட்டால் மூழ்கிவிடும். ஒட்டிய வயிறும் குறுமயிரும் கொண்டு வறண்ட வெளிகளில் முயல் துரத்தப் பழகிய நாய்கள் பெரும்பாலும் நீரைச் சுற்றிக்கொண்டு போகும். இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பவை லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து, போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் முதலிய இனங்கள். குளமோ கடலோ கண்ணில் பட்டதும் கட்டுக்கடங்காமல் பாய்வதும், எறிந்த கட்டையைக் கவ்விக்கொண்டு வந்து மீண்டும் எறியச் சொல்லி நிற்பதும், கரையேறிய கையோடு மறுபடியும் குதிப்பதும் இவற்றின் இயல்பு. பார்ப்பவருக்கு இது வெறும் குதூகலமாகத் தோன்றும். ஆனால் இந்தக் குதூகலத்துக்கு ஓர் ஊர் உண்டு, ஒரு தொழில் உண்டு, பல தலைமுறை மீனவர்களின் உழைப்பும் உண்டு.

அந்த ஊர், கனடாவின் கிழக்கு விளிம்பில், வட அட்லாண்டிக் கடலில் கிடக்கும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு. 1497-இல் ஜான் கபோட் என்னும் கடலோடி அப்பக்கம் சென்று வந்தபின், அங்குள்ள காட் மீன் வளத்தை நாடி இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் மீனவர்கள் ஆண்டுதோறும் திரண்டனர். அவர்களுடன் கப்பலேறி வந்த பலவகை நாய்கள் தீவில் ஒன்றோடொன்று கலந்தன. எந்த நாய் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் வசதி படைத்தவர்கள் அங்கே மீன் பிடித்துக்கொண்டிருக்கவும் இல்லை. காலப்போக்கில் இரண்டு வகைகள் தெளிந்து நின்றன. ஒன்று உருவத்தில் பெரியது, நீண்ட மயிருடையது, சுமைவண்டி இழுக்கவும் விறகு சுமக்கவும் பயன்பட்டது. இதன் வழிவந்ததே இன்றைய நியூஃபவுண்ட்லாந்து நாய். மற்றது நடுத்தர உருவமும் நெருக்கமான குறுமயிரும் கொண்ட கறுப்பு நாய். மார்பிலும் பாதங்களிலும் வெள்ளைத் தீற்றல்கள் இருக்கும். தீவின் தலைநகரான செயின்ட் ஜான்ஸின் பெயரால் அழைக்கப்பட்ட இந்த நாயே லாப்ரடார் உள்ளிட்ட ரிட்ரீவர் இனங்களின், அதாவது சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விக் கொணரும் வேட்டை நாய்களின், முன்னோர்.

செயின்ட் ஜான்ஸ் நாய் தன் சோற்றுக்குச் செய்த வேலை எளியதன்று. தூண்டிலிலிருந்து நழுவிய மீனை நீரில் பாய்ந்து கவ்வி வரவேண்டும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கயிற்றின் முனையைப் பல்லில் பிடித்து நீந்திச் சேர்க்கவேண்டும். வலையின் மிதவைகளைக் கரைக்கு இழுத்து வரவேண்டும். இவ்வளவும் பனிக்கட்டிகள் மிதக்கும் கடலில், அலைக்கு நடுவே. இந்த வேலையில் நீரைக் கண்டு தயங்கும் குட்டிக்கு இடமில்லை. தயங்காத குட்டியே அடுத்த ஈற்றுக்குத் தாயாகவும் தகப்பனாகவும் ஆனது. கவ்விய மீனைக் கடித்துச் சிதைக்கும் நாயும் மீனவனுக்கு உதவாது என்பதால், வாயில் பிடித்த பொருளைப் பதமாகக் கொண்டுவந்து கையில் ஒப்படைக்கும் குணமும் கூடவே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1822-இல் தீவின் உட்பகுதியை நடந்தே கடந்த வில்லியம் எப்ஸ் கார்மாக், அங்குள்ளவர்கள் குறுமயிர் நாய்களையே விரும்பினர் என்று குறித்திருக்கிறார். உறைபனிக் காலத்தில் நீண்ட மயிருடைய நாய் நீரிலிருந்து ஏறியதும் அதன் மயிரெல்லாம் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும் என்பதே காரணம். நுட்பமான இந்தத் தேர்வைச் செய்தவர்கள் விலங்கியல் படித்தவர்கள் அல்லர் என்பதை நினைக்கும்போது அவர்கள்மீது மதிப்பு கூடுகிறது.

அந்தத் தேர்வின் விளைவை இன்றைய லாப்ரடாரின் உடலில் தொட்டே பார்க்கலாம். அதன் மயிர்ப்போர்வை இரண்டு அடுக்குகளாக அமைந்தது. மேலடுக்கின் விறைப்பான மயிர்களில் தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசை படிந்திருப்பதால் நீர் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. கீழடுக்கின் மென்மயிர் காற்றைச் சிறைப்பிடித்து உடலைக் கதகதப்பாக வைத்திருக்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கடத்திச் சென்றுவிடும் என்பதால், இந்தக் காற்றுப்படலம் இல்லாத நாய் குளிர்கடலில் நெடுநேரம் தாங்காது. அடியில் பருத்து நுனியில் சிறுத்த வால், ஆறுகளில் மீன் பிடித்து வாழும் நீர்நாயின் வாலை ஒத்தது. நீந்துகையில் திசைதிருப்ப உதவுகிறது. விரல்களுக்கிடையே தோல்சவ்வு எல்லா நாய்களுக்கும் ஓரளவு உண்டென்றாலும் இவ்வினங்களில் அது நன்கு விரிந்திருக்கும்.

நாயின் நீச்சல்முறையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நீருக்கடியில் படமெடுத்து ஆராய்ந்தபோது, நாய் தரையில் பெருநடையாக ஓடும்போது எப்படி வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து இயங்குமோ, நீரிலும் ஏறக்குறைய அவ்வாறே குறுக்கிணையாக இயங்குவது தெரியவந்தது. பின்னோக்கித் தள்ளும்போது பாதம் விரிந்து நீரை உதைக்கிறது. முன்னே கொண்டுவரும்போது கால் மடங்கி, எதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறது. அதாவது நீந்துவதற்கென்று நாய் புதிதாக ஒன்றைக் கற்பதில்லை. ஓட்டத்தையே நீருக்கு ஏற்பத் திருத்திக்கொள்கிறது. நான்கு கால்களுடன் தரையில் திரிந்த விலங்குகள் கடலுக்குத் திரும்பித் திமிங்கிலங்களாக மாறிய நெடும் வரலாற்றின் முதற்படியைப் புரிந்துகொள்ளவும் ஆய்வாளர்கள் நாயின் நீச்சலை எடுத்துக்கொண்டது இதனால்தான்.

கரையேறியதும் நாய் உடலை உதறுவது அருகில் நிற்பவரை நனைக்கும் செயல் என்ற அளவிலேயே பலருக்குத் தெரியும். அது உயிர்காக்கும் செயல் ஆகும். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிக்கர்சன், டேவிட் ஹூ ஆகியோர் எலி முதல் கரடி வரை பல பாலூட்டிகள் உதறுவதைப் படமெடுத்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உருவம் சிறுத்தால் உதறும் வேகம் கூடவேண்டும் என்பது அவர்கள் கண்ட விதி: சுண்டெலி நொடிக்கு 30 முறை அளவில் உதறுகிறது, லாப்ரடாருக்கு நொடிக்கு நான்கைந்து முறை போதும். முதுகெலும்பு பக்கத்துக்குச் சுமார் 30 பாகையே திரும்பினாலும், தளர்ந்த தோல் 90 பாகை வரை சுழன்றுவிடுவதால் துளிகள் வீசியெறியப்படுகின்றன. சில நொடிகளில் மயிரில் உள்ள நீரில் பெரும்பங்கு வெளியேறிவிடுகிறது. உதறாமல், உடற்சூட்டாலேயே அந்த ஈரத்தை உலர்த்த நேர்ந்தால் நாய் தன் அன்றாட உணவாற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதற்கே செலவிட வேண்டியிருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். பனிக்காற்று வீசும் படகில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லாப்ரடாரின் தீராப் பசியும் இந்தக் கதையோடு தொடர்புடையதாக இருக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினர் ராஃபன் தலைமையிலான குழு 2016-இல் ஒரு மரபணுக் குறைபாட்டை அறிவித்தது. வயிறு நிறைந்ததென்று மூளைக்குச் செய்தி சொல்லும் பாதையில் பங்குகொள்ளும் ‘பிஓஎம்சி’ என்னும் மரபணுவின் ஒரு துண்டு, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் இல்லை. ஆராயப்பட்ட மற்ற இனங்களுள் ஃபிளாட்-கோட்டட் ரிட்ரீவரிடம் மட்டுமே இக்குறை காணப்பட்டது. அதுவும் செயின்ட் ஜான்ஸ் நாயின் வழிவந்த இனமே. குறையுடைய நாய்கள் பசியால் அலைவதோடு, ஓய்வுநேரத்தில் மற்றவற்றைவிடக் கால்பங்கு குறைவாகவே ஆற்றலைச் செலவிடுகின்றன என்பது 2024-இல் தெரியவந்தது. கிடைத்ததையெல்லாம் உண்டு கொழுப்பாகச் சேர்க்கும் உடல், உறைகடலில் நாள் முழுதும் நீந்திய முன்னோருக்கு நன்மை செய்திருக்கும் என்று கருதுவதற்கு இடமுண்டு. அதே உடல் இன்று சோபாவுக்கருகே படுத்திருக்கும்போது நோயாகிறது.

மீனவர்கள் உருவாக்கிய நாய்க்குப் பெயரும் புகழும் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உப்பிட்ட மீனைச் சுமந்து இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் இந்த நாய்களைக் கண்ட மால்ம்ஸ்பரி பிரபு குடும்பத்தார், வாத்து வேட்டைக்கென அவற்றை வாங்கி வளர்த்தனர். ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகன் குடும்பமும் அவ்வாறே செய்தது. 1880களில் மால்ம்ஸ்பரியிடமிருந்து பக்ளூவுக்குச் சென்ற நாய்களிலிருந்தே இன்றைய லாப்ரடாரின் பரம்பரை எண்ணப்படுகிறது. 1903-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. பிரபுக்கள் அந்த நாயைக் காத்தார்கள் என்பது உண்மை. அதற்காக அவர்களுக்கு நன்றி உரியது. ஆயினும் இன வரலாறுகள் பலவும் பிரபுக்களின் மாளிகையில் தொடங்கி, அதற்கு முந்தைய சில நூற்றாண்டு உழைப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமன்று. நாயைச் செதுக்கியவர்கள் பெயர் தெரியாத அந்த மீனவர்களே.

தாயகத்தில் அந்த நாயின் முடிவு துயரமானது. ஆடு வளர்ப்பைப் பெருக்க விரும்பிய தீவு அரசு 1885-இல் ஆடுகளைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றி, நாய் வளர்ப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. வெறிநாய்க்கடி நோயைத் தடுக்க, வெளிநாட்டு நாய்களை நெடுங்காலம் தனிமைப்படுத்தும் விதியைப் பிரிட்டன் கொண்டுவந்தது, விற்பனையும் நின்றது. கடைசியாக அறியப்பட்ட இரண்டு செயின்ட் ஜான்ஸ் நாய்கள், தீவின் தென்மேற்குக் கரையில் சாலையே எட்டாத கிராண்ட் புருயி என்னும் மீனவச் சிற்றூரில் 1980களின் தொடக்கம் வரை இருந்தன. இரண்டும் ஆண் நாய்கள். அவற்றோடு இனம் அற்றது. 1992-இல், மீன்வளம் வற்றியதால் கனடா அரசு காட் மீன்பிடிப்பையே நிறுத்த, பல்லாயிரக்கணக்கானோர் வாழ்வாதாரம் இழந்தனர். 2010-இல் கிராண்ட் புருயி மக்களும் ஊரைக் காலிசெய்து வெளியேறினர். நாய், மீன், ஊர் என்ற வரிசையில் மூன்றும் போயின.

போர்ச்சுகலின் கதை நல்லவிதமாகத் திரும்பியது. அந்நாட்டின் தென்கரையான அல்கார்வ் பகுதியில், மீன்கூட்டத்தை வலைக்குள் விரட்டவும் படகுகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லவும் பழகிய சுருள்மயிர் நாய்கள் இருந்தன. பின்னுடலின் மயிரை மழித்து, மார்பு மயிரை மட்டும் விட்டுவைப்பது மீனவர் வழக்கம். கால்கள் தடையின்றி இயங்கவும் நெஞ்சு குளிராமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. இயந்திரப் படகுகள் வந்து இந்த நாய்களுக்கு வேலையற்றுப்போன 1930களில், கப்பல் முதலாளி வாஸ்கோ பென்சாவ்டே மீனவர் ஒருவரின் லியாவ் என்ற நாயைக் கொண்டு இனத்தை மீட்கத் தொடங்கினார். 2009-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மாளிகைக்குச் சென்ற போ என்ற நாய் இந்த இனத்தைச் சேர்ந்தது.

பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய்க்கோ, பழைய தொழில் போனபின்பும் நீரிலேயே வேறு தொழில் வாய்த்தது. 60 கிலோவுக்கு மேலும் எடைவரக்கூடிய இந்த நாய், மூழ்குபவரைத் தேடிச் சென்று கரைக்கு இழுத்து வரும் இயல்புக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே போற்றப்பட்டது. ஓவியர் எட்வின் லாண்ட்சீர் 1838-இல் காட்சிக்கு வைத்த புகழ்பெற்ற ஓவியத்தில் நீர்க்கரையில் படுத்திருப்பது இந்த இனத்து நாயே. இத்தாலியில் 1989-இல் தொடங்கப்பட்ட மீட்பு நாய்ப் பள்ளி, நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் முதலிய நாய்களைப் பழக்கிக் கடற்கரைக் காவலுக்கு அனுப்புகிறது. தேவைப்பட்டால் அவை ஹெலிகாப்டரிலிருந்தும் கடலில் குதிக்கின்றன.

இவ்வாறு பார்க்கையில், குளத்தில் எறிந்த பந்துக்காக லாப்ரடார் பாயும்போது அதன் உடலும் மனமும் நழுவிய மீனைக் கவ்விய முன்னோரின் வேலையையே செய்கின்றன. வேலை மறைந்தது, வேலையில் கண்ட இன்பம் மட்டும் எஞ்சியது. அந்த இன்பம் போலியானதன்று. பசி தீர்வதைப் போல அதுவும் ஒரு தேவை தீர்வதாகும். தமிழ்நாட்டு நகரங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் இனங்களுள் லாப்ரடாரும் ஒன்று என்பதால் இது இங்குள்ளவர்களும் எண்ணவேண்டிய செய்தி. உறைபனிக்கென அமைந்த இரட்டை மயிர்ப்போர்வையுடன் சென்னையின் அல்லது மதுரையின் சித்திரை வெயிலில், அடுக்குமாடி வீட்டின் தரையில் மூச்சிரைத்துக் கிடக்கும் நாய்க்கு நாக்கை நீட்டி இரைப்பதைத் தவிர உடற்சூட்டைத் தணிக்கப் பெரிதாக வழியில்லை. நீர் அதற்கு விளையாட்டும் மருந்தும் ஆகும்.

ஆகவே லாப்ரடார் வளர்ப்போர் அதற்கு நீரை மறுக்காதிருப்பார்களாக. பெரிய குளம் தேவையில்லை. மொட்டைமாடி நிழலில் முழங்கால் அளவு நீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியே ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும். முதல்முறை இறக்கும்போது தள்ளிவிடாமல், கால் ஊன்றும் ஆழத்திலிருந்து தானாக இறங்கவிட வேண்டும். தேங்கிய மழைநீரில் எலியின் சிறுநீர்வழி எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் அங்கே விடலாகாது. அதற்கான தடுப்பூசியையும் தவறவிடக் கூடாது. பச்சையாகப் பாசி படர்ந்த குட்டைநீர் ஈரலைக் கெடுக்கும் நஞ்சாகலாம். நீரில் எறிந்த பொருளை ஓயாமல் கவ்வும் நாய் அளவுக்கு மீறி நீர் குடித்துவிட்டால் குருதியில் உப்பு குறைந்து உயிருக்கே தீங்கு நேரும் என்பதால், இடையிடையே நிறுத்தி ஓய்வு தரவேண்டும். நெடுநேர நீச்சலுக்கு மறுநாள் வால் துவண்டு தொங்கினால் அது வாலடித் தசையின் வலி. ஓய்வில் சில நாளில் சரியாகும், ஆயினும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஒவ்வொரு முறையும் நல்ல நீரால் அலசி, தொங்கும் காதுகளின் உட்புறத்தைத் துணியால் ஒற்றி உலர்த்திவிடவேண்டும். அங்கே தங்கும் ஈரம் காதுப்புண் வர வழிவகுக்கும்.