கோடுகள் கேட்கும் கேள்விகள்

நுழையும்முன்

தன் குறையைத் தானே எடுத்துரைப்பது தனிமனிதர்க்கே அரிய செயல். ஒரு சமுதாயத்திற்கோ அது மேலும் அரிது. ஜப்பானிய மக்கள் விரும்பிப் படிக்கும் 'மங்கா' என்னும் படக்கதைகளுள் சில, போரையும் வகுப்பறைக் கொடுமையையும் வறுமையையும் தயக்கமின்றிப் பேசுகின்றன. அவற்றைப் படித்த ஆசிரியர் ஒருவரின் எண்ணங்களாக அமைகிறது இக்கட்டுரை.

'மங்கா' என்னும் சொல்லைத் தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்தால், அவர் முதலில் இலக்கணக்குறிப்புத்தான் எழுதுவார். மங்கா ஒளி, மங்கா நினைவு என வரும்போது அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நானும் நெடுங்காலம் அச்சொல்லை அவ்வாறே அறிந்திருந்தேன். ஜப்பானிய மொழியிலோ அதே ஒலியுடைய சொல் படக்கதையைக் குறிக்கிறது. இரண்டு எழுத்துகளால் ஆன அச்சொல்லின் முன்னெழுத்து கட்டற்ற போக்கையும் பின்னெழுத்து ஓவியத்தையும் உணர்த்தும். புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாய் தம் ஓவியத் தொகுதிகளுக்கு இப்பெயரைச் சூட்டினார். அவற்றுள் முதலாவது 1814-இல் வெளிவந்தது.

என் தலைமுறையினர் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவர்கள். படக்கதை என்றால் பாடநூலுக்குள் ஒளித்துவைத்துப் படிக்கவேண்டியது என்பதே அன்றைய வழக்கு. ஐம்பதை எட்டும் வயதில் மங்கா நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கியபோது, நான் எதிர்பார்த்ததும் அத்தகைய வீரச்செயல்களையே. கிடைத்தவையோ வேறு.

விளையாட்டிலிருந்து வாழ்க்கைக்கு

இரண்டாம் உலகப்போருக்குப்பின் மங்காவை வளர்த்தெடுத்தவருள் முதன்மையானவர் ஒசாமு தெசூகா. மருத்துவம் பயின்ற அவர், 1952-இல் தொடங்கிய 'அஸ்ட்ரோ பாய்' கதையால் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்தார். சிறுவர்க்குரிய கலையாகவே மங்கா நின்றுவிடலாகாது என எண்ணிய யோஷிஹிரோ தட்சுமி, 1957-இல் 'கெகிகா' என்னும் புதுப்பெயரை உருவாக்கினார். நாடகத்தன்மை மிக்க ஓவியம் என்பது அதன் பொருள். நகரத்தில் தனித்துவிடப்பட்ட தொழிலாளர்களும் கைவிடப்பட்ட முதியவர்களும் அவருடைய கதைகளில் இடம்பெற்றனர். போர்முனையில் இடக்கையை இழந்த ஷிகெரு மிசுகி, எஞ்சிய வலக்கையால் படைவீரர்களின் பொருளற்ற சாவை வரைந்தார். சமுதாயத்தை வினவும் மங்காவுக்கு இவ்வாறு பாதை அமைந்தது.

வெறுங்கால் கென்

அப்பாதையில் வந்த பெரும்படைப்பு, கெய்ஜி நகசாவாவின் 'வெறுங்கால் கென்'. 1945 ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, ஆறு வயதுச் சிறுவனான நகசாவா பள்ளியின் அருகே நின்றிருந்தார். பள்ளிச்சுவர் அவரை வெப்பத்திலிருந்து காத்தது. தந்தையும் அக்காவும் தம்பியும் மாண்டனர். அன்றே அவருடைய தாய் ஒரு பெண்குழந்தையை ஈன்றார். அக்குழந்தையும் சில திங்களில் இறந்தது. 1966-இல் தாய் இறந்து உடல் எரியூட்டப்பட்டபின், சாம்பலில் எலும்புகூட மிஞ்சவில்லை. கதிரியக்கம் தாயின் எலும்பையும் தின்றுவிட்டது என்னும் சினமே நகசாவாவை அணுகுண்டைப் பற்றி வரையத் தூண்டியது. 1973-இல் சிறுவர் வார இதழ் ஒன்றில் 'வெறுங்கால் கென்' தொடங்கியது. பின்னர் வேறு இதழ்களில் தொடர்ந்து பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது.

குண்டு வீசியவரை மட்டும் குற்றம் கூறியிருந்தால், அந்நூல் எல்லார்க்கும் உவப்பானதாக இருந்திருக்கும். நகசாவா தம் மக்களையும் கேள்வி கேட்டார். கதையில் கென்னின் தந்தை போரை எதிர்க்கிறார். அதனால் அக்குடும்பம் நாட்டுப்பற்று அற்றது எனத் தூற்றப்படுகிறது. அண்டைவீட்டார் முகம் திருப்பிக்கொள்கின்றனர். அப்போது அவர்களுக்குத் துணைநிற்பவர், தாமே ஒதுக்கி இழிவுபடுத்தப்பட்ட கொரிய நாட்டவர் ஒருவர்.

குண்டு வீழ்ந்தபின்னும் கொடுமை ஓயவில்லை. உடல் முழுதும் வெந்துபோன இளம் ஓவியன் ஒருவனை, நோய் தொற்றிவிடும் என அஞ்சி, உடன்பிறந்தாரே ஒதுக்கிவைக்கின்றனர். அவனைப் பேணக் கூலிக்கு வருபவன் சிறுவன் கென். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலையும் வைத்தார். அந்த ஓவியனின் புண்களைக் காட்டும் பக்கங்களில் முதலில் எழுவது அச்சம். அவனைப் பார்க்க மறுக்கும் உறவினரைக் காட்டும் பக்கங்களிலேயே இளிவரல் எழுகிறது. இழிவு அவனுடைய புண்ணில் இல்லை என்பதைப் படிப்பவர் தாமே உணர்ந்துகொள்கிறார்.

பூட்டிய அலமாரி

2012-இல் மட்சுவே நகரக் கல்வி நிருவாகம், பள்ளி நூலகங்களில் இந்நூலை மாணவர் தாமாக எடுக்க இயலாதவாறு தனியே வைக்குமாறு கேட்டுக்கொண்டது. ஜப்பானியப் படையினரின் கொடுஞ்செயல்களைக் காட்டும் படங்கள் சிறுவர்க்கு ஏற்றவையல்ல என்பது கூறப்பட்ட காரணம். மறு ஆண்டு இச்செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. கட்டுப்பாடு திரும்பப் பெறப்பட்டது.

இளையோர்க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் பணியில் இருக்கும் எனக்கு, இது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் தோன்றவில்லை. இந்த வயதினர்க்கு இது தகுமா என்னும் வினா எங்கள் மேசைக்கு அடிக்கடி வருகிறது. அவ்வினா தவறன்று, பிஞ்சு உள்ளத்தை அச்சுறுத்தாமல் காப்பதும் எங்கள் கடமையே. ஆயினும், நகசாவா அக்காட்சிகளை நேரில் கண்டபோது அவருக்கு வயது ஆறு என்பதையும் நான் எண்ணிப்பார்க்கிறேன். அவர்பட்ட துன்பத்தை ஆசிரியர் துணையோடு தாளில் காண்பதற்கும் ஒரு பதினாறு வயது மாணவர் தகுதியற்றவரா? தகுதியுடையவர் என்றே என் உள்ளம் கூறுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானிய மங்கா நூலின் பக்கங்களையும் கட்டங்களையும் வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். கதைகள் பெரும்பாலும் முதலில் இதழ்களில் தொடராக வந்து பின்னர் நூலாகின்றன. 1990-களின் நடுவில் 'ஷோனென் ஜம்ப்' என்னும் வார இதழின் விற்பனை 65 இலட்சம் படிகளைத் தாண்டியது. ஜப்பானிய மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்கள் மிகுதி. ஓசையே இல்லாத அமைதியைக் காட்டவும் 'ஷீன்' என்றொரு குறிப்புச்சொல்லை மங்கா ஓவியர்கள் கட்டத்துக்குள் எழுதுவர்.

குரலின் வடிவம்

அடுத்து, வகுப்பறைக்குள் நுழைவோம். யோஷிடோகி ஓய்மா என்னும் பெண் படைப்பாளரின் 'குரலின் வடிவம்' 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் தொடராக வந்து ஏழு தொகுதிகளானது. சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவரின் மகள் அவர். இக்கதையின் முதல் வடிவத்தை வெளியிடப் பதிப்பகத்தார் தயங்கினர். ஜப்பானியச் செவித்திறன் குறையுடையோர் கூட்டமைப்போடு கலந்துபேசிய பின்னரே அது 2011-இல் அச்சேறியது.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்கிறாள் ஷோகோ. அவளுக்குக் காது கேளாது. பேச விரும்புவோர் எழுதிக்காட்ட வேண்டுமென ஒரு குறிப்பேட்டை நீட்டுகிறாள். அந்தக் குறிப்பேடு குளத்தில் எறியப்படுகிறது. செவித்துணைக் கருவிகள் பிடுங்கப்படுகின்றன. ஐந்து திங்களில் எட்டுக் கருவிகள் பாழாகின்றன. முன்நின்று இதைச் செய்பவன் ஷோயா. சுற்றிநின்று சிரிப்பது வகுப்பு. செய்தி தலைமையாசிரியர்வரை சென்றதும், சிரித்தவர் அனைவரும் ஷோயா ஒருவனையே சுட்டிக்காட்டுகின்றனர். மறுநாள்முதல் அவன் ஒதுக்கப்படுகிறான்.

ஜப்பானியர் இக்கொடுமையை 'இஜிமே' என்பர். வலியவன் ஒருவன் மெலியவன் ஒருவனைத் துன்புறுத்துவதோடு அது முடிவதில்லை. குழு முழுவதும் சேர்ந்து ஒருவரை இல்லாதவர்போல் ஆக்கிவிடுவதும் அதில் அடங்கும். பள்ளிகளில் இதனைத் தடுப்பதற்கென ஜப்பானில் 2013-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது.

இக்கதையில் என்னை மிகவும் உறுத்திய பாத்திரம் வகுப்பாசிரியர். அவர் தீயவர் அல்லர். நடப்பவை அவர் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அவர் கண்டிக்கிறார், ஆனால், தமக்குத் தொல்லை வராத அளவுக்கு மட்டும். கருவிகளின் விலை குறித்துக் கேள்வி எழுந்த நாளில்தான் அவர் குரலை உயர்த்துகிறார்; அப்போதும் ஒருவன்மீதே பழியைச் சுமத்துகிறார். ஆசிரியப்பணியில் இருப்போர் அப்பக்கத்தை எளிதில் புரட்டிவிட இயலாது.

பின்னாளில் ஷோயா யாருடைய முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க இயலாதவனாகிறான். இதைச் சொற்களால் விளக்காமல், அவன் காணும் முகங்களின்மேல் பெருக்கற்குறி ஒன்றை வரைந்துவிடுகிறார் ஓய்மா. யாரேனும் அவனோடு நெஞ்சு திறந்து பேசும்போது அக்குறி உதிர்ந்து விழுகிறது. ஷோகோவின் நோக்கில் அமைந்த பகுதியிலோ பேச்சுக் குமிழிகளின் எழுத்துகள் சிதைந்து தோன்றுகின்றன. காது கேளாமை என்றால் என்ன என்பதைப் படிப்பவரின் கண்ணுக்கு உணர்த்தும் உத்தி அது.

சட்டத்தின் ஒரு தொடர்

மூன்றாவது நூலின் தலைப்பு ஜப்பானிய அரசமைப்பிலிருந்தே எடுக்கப்பட்டது. 1947-இல் நடைமுறைக்கு வந்த அந்த அரசமைப்பின் 25-ஆம் பிரிவு, நலமும் பண்பாடும் பொருந்திய குறைந்தபட்ச வாழ்க்கை ஒவ்வொரு குடிமக்களுக்கும் உரியது என்கிறது. அத்தொடரையே தலைப்பாக்கி, 2014-இல் ஹருகோ காஷிவாகி வரையத் தொடங்கிய மங்காவின் நாயகி, அரசுப்பணியில் புதிதாகச் சேர்ந்த இளம்பெண். வறியோர்க்கு அரசு உதவித்தொகை வழங்கும் அலுவலகத்தில் அவருக்குப் பணி.

செல்வநாடு என நாம் எண்ணும் ஜப்பானில், வேலை இழந்தோரும் நோயுற்றோரும் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் அந்த அலுவலகத்தின் படியேறுகின்றனர். உதவி கேட்பதை இழிவெனக் கருதிக் கேளாமலே துன்புறுவோரும் உண்டு. உதவிபெறும் குடும்பத்துப் பள்ளி மாணவன் ஒருவன், இசைமீது கொண்ட பற்றால் பகுதிநேர வேலை செய்து பொருளீட்டுகிறான். அவ்வருவாயை அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்பதால், அதைத் திருப்பிச் செலுத்தவேண்டிய நிலை வருகிறது. சட்டப்படி அது சரி. ஆனால், உழைத்துச் சேர்த்த அவனிடம் அச்செய்தியை எந்தச் சொற்களால் கூறுவது? நாயகியின் இந்தத் தடுமாற்றமே கதையை நடத்திச் செல்கிறது.

பார்த்து நிற்பவர்

மூன்று நூல்களும் ஒரே காலத்தவை அல்ல. அவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. குற்றம் அனைத்தையும் ஒரு கொடியவனின் தலையில் கட்டிவிட்டு அவை ஒதுங்கிக்கொள்வதில்லை. தூற்றிய அண்டைவீட்டார், சிரித்த வகுப்பு, கோப்பின் எண்ணாக மனிதரைக் காணும் வழக்கம் என, பார்த்து நிற்பவரை நோக்கியே அவை திரும்புகின்றன.

இவற்றுள் முதலிரண்டும் அறிஞர் அவைக்கென எழுதப்பட்டவை அல்ல. சாகசக் கதைகளுக்கும் விளையாட்டுக் கதைகளுக்கும் நடுவே, சிறுவர் இதழ்களின் மலிவான தாளில் அச்சாகி, உங்கள் வயதினரின் கைகளுக்குச் சென்றவை. உண்மையைத் தாங்கும் வலிமை இளையோர்க்கு உண்டு என அவற்றைப் படைத்தோர் நம்பினர். உங்கள் வகுப்பிலும் ஒதுங்கி அமர்ந்திருக்கும் ஒருவர் இருக்கலாம். அவர் முகத்தின்மேல் நாம் ஏதேனும் குறி இட்டிருக்கிறோமா என்று பார்ப்பதற்கு ஓவியப்பயிற்சி தேவையில்லை. அவர் பக்கத்தில் போய் அமர்ந்தால் போதும்.