ஓர் எம்.ஜி.பி. காரும் அதன் எண்ணெய் வடிகட்டியும்

இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகருக்குத் தெற்கேயுள்ள அபிங்டன் என்னும் சிற்றூரில் 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்னும் கார் தயாரிக்கப்பட்டு வந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்கதும், துணிக்கூரையை மடித்து வைக்கத்தக்கதுமான விளையாட்டுக் கார் அது. நிலைத்த கூரையுடைய அதன் வகையையும் சேர்த்து நோக்கின், ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் அத்தொழிற்சாலையினின்றும் வெளிவந்தன. பார்வைக்குப் பந்தயக்காரனின் மிடுக்கு இருந்ததெனினும், அதன் இயந்திரம் பந்தயத்துக்கென்று பிறந்ததன்று. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அந்த நான்கு சிலிண்டர் இயந்திரத்தின் இளைய வடிவங்களே ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய குடும்பக் கார்களிலும், இந்தியாவின் அம்பாசடர் காரிலும் பொருத்தப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய பழைய கேம்பிரிட்ஜ் கார்களைப் பழுதுபார்த்த கைகளுக்கு எம்.ஜி.பி. அந்நியமான பொருளன்று என்பதற்கு இவ்வுறவே காரணம்.

அத்தகைய கைகளையுடைய முதியவர் ஒருவர் தெகிவளையில் ஓர் ஒழுங்கையினுள் சிறிய கராஜ் ஒன்றை வைத்திருக்கிறார். எரிபொருட் தடையிருந்த 1990 களில் யாழ்ப்பாணத்துக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களுள் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய் முழுமையாக எரிவதில்லை. எரியாத பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, இயந்திர எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். அக்காலத்தில் எண்ணெயின் நிறத்தையும் மணத்தையும் விரலிடை வழுவழுப்பையும் கொண்டே இயந்திரமொன்றின் ஆயுளைக் கணிக்கப் பழகியவர் அவர். இன்றைய மெக்கானிக் கணினியைப் பொருத்திப் பார்க்குமிடத்தில் அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் உரசிப் பார்க்கிறார்.

அவரிடம் எம்.ஜி.பி. ஒன்றைக் கொண்டு வந்தவள் இளம் ஆசிரியை. கார் அவளது தந்தையினுடையது. அவர் காலமாகி எட்டு மாதங்களாயின. குடும்பத்தின் கடனைத் தீர்க்கக் காரை விற்பது என்று முடிவாகி, வாங்குவதற்கு ஒருவர் முன்வந்தும் விட்டார். தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வாகனங்களுக்கு ஏறிய விலை பலருக்குப் புதிய நம்பிக்கையைத் தந்திருந்தது. ஆயின் அவளை ஒரு முள் உறுத்தியது. அது உண்மையாகவே ஒரு முள்தான்: காரின் முகப்பிலுள்ள எண்ணெய் அமுக்கமானியின் முள்.

சூடேறிய நிலையில் ஓடும்போது இவ்வகை இயந்திரத்தில் எண்ணெயின் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு 50 முதல் 80 இறாத்தல் வரை இருத்தல் வேண்டும். காலையில் இயந்திரத்தை முடுக்கியதும் முள் உடனே எழவேண்டும். இந்தக் காரிலோ அது ஏழெட்டு வினாடிகள் பூச்சியத்திலேயே கிடந்தது. அவ்வேளை அடியிலிருந்து மெல்லிய தட்டல் ஒலியொன்று கேட்டது. பின்னர் முள் எழுந்துவிடும்; ஒலியும் அடங்கிவிடும். தந்தை இருந்த காலத்தில் இவ்வாறு இருந்ததில்லை என்பது அவளுக்கு நன்கு நினைவிருந்தது. இறுதிக் காலத்தில் அவர் நோயுற்றிருந்தபோது வேறொரு கராஜில் எண்ணெய் மாற்றப்பட்டிருந்தது.

“ஒயில் பில்டரை ஆர் பூட்டினது, பிள்ளை?” என்பதே முதியவரின் முதற் கேள்வி.

எண்ணெய் வடிகட்டி என்பது கடையில் ஒரு தகரக் குவளையாகவே காட்சியளிக்கிறது. அதனாலேயே, புரி பொருந்தினால் எதுவும் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உள்ளே நடப்பதோ நுண்ணிய வேலை. கிராங் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையிலுள்ள வெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையே. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் ஒன்று தண்டைத் தாங்கி நிற்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடாமலிருப்பது அப்படலத்தின் தயவால்தான். மயிரிழையிலும் நுண்ணிய உலோகத் துகளோ கரித்துகளோ அங்கு புகுந்தால் மென்மையான பெயாரிங் மேற்பரப்பைக் கீறிவிடும். 1920 களின் முற்பகுதி வரை கார்களுக்கு இத்தகைய வடிகட்டி இருக்கவில்லை. ஏர்னஸ்ட் சுவீற்லன்ட் என்னும் அமெரிக்கர் வகுத்த வடிகட்டி அப்போதுதான் வந்தது. தொடக்கத்தில் எண்ணெயின் ஒரு பகுதி மாத்திரமே வடிகட்டியூடாகச் சென்றது. முழு எண்ணெயும் வடிக்கப்பட்டுப் பின்னரே பெயாரிங்கை அடையும் முறை பிற்பட்டது.

பஞ்சிகாவத்தையில் வாங்கிய இரு வடிகட்டிகளையும் அவள் கையோடு கொண்டு வந்திருந்தாள். முதியவர் அவற்றை மேசைமீது கவிழ்த்து வைத்தார்.

முதலாவது ஹொண்டா காருக்குரியது. அதன் புரி 20 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில் 1.5 மில்லிமீற்றர். எம்.ஜி.பி. இன் பிற்கால இயந்திரத்திலுள்ள குழாயோ முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்திற்குப் பதினாறு புரிகளும் உடையது, அஃதாவது 19.05 மில்லிமீற்றரும், ஏறத்தாழ 1.59 மில்லிமீற்றரும். வேறுபாடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. இக்குறைவே ஆபத்தின் பிறப்பிடம். பெரிதும் வேறுபட்டதாயின் வடிகட்டி ஏறாது. வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதுவோ தளர்வாக ஏறும், சுற்றும், இறுதியில் இறப்பர் வளையம் அமர்ந்து இறுகியது போன்றே கைக்குத் தோன்றும். உண்மையில் புரிகளின் நுனிகள் மாத்திரமே ஒன்றையொன்று பற்றி நிற்கும். எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும் அதிகாலையிலோ, வேகமாக ஓடும் வேளையிலோ அமுக்கம் ஏறும்போது அது கழன்று போகலாம். அவ்வாறாயின் சில வினாடிகளில் எண்ணெய் முழுவதும் வீதியிற் கிடக்கும். சாரதி முள்ளைக் கவனிப்பதற்குள் பெயாரிங்குகள் உருகிவிடும்.

இரண்டாவது சிறிய டொயோட்டா கார்களுக்குரியது. இலங்கையில் எந்தக் கடையிலும் கிடைப்பது. புரி சரியாக முக்கால் அங்குலம், பதினாறு. அவள் முகம் மலர்ந்தது. முதியவர் வேணியரால் இறப்பர் வளையத்தின் விட்டத்தை அளந்தார். பின் இயந்திரத்தில் அவ்வளையம் அமரவேண்டிய இருக்கையை அளந்தார். வளையம் சிறிது. “கதிரையின்ரை விளிம்பிலை இருக்கிற மாதிரித்தான் இது இருக்கும்” என்று சொல்லி அதையும் ஒதுக்கி வைத்தார்.

புரியும் வளையமும் பொருந்திய பின்னரும் கவனிக்க வேண்டியவை உள. வடிகட்டி அடைபட்டால் எண்ணெயை வடிக்காமலேயே உள்ளே விடும் வால்வு ஒன்று வேண்டும். அழுக்கு எண்ணெயேனும் கிடைப்பது எண்ணெயே கிடைக்காமையினும் மேல். சில இயந்திரங்களில் இவ்வால்வு இயந்திரத்திலேயே இருக்கும். வேறு சிலவற்றில் வடிகட்டியினுள் இருக்கும். அது திறக்கும் அமுக்கமும் ஒன்றுபோல் இராது. சுபாரு நிறுவனம் தன் கார்களுக்குச் சதுர அங்குலத்திற்கு 23 இறாத்தல் என்று வகுத்திருக்க, சாதாரண வடிகட்டிகள் பல அதன் பாதியளவிலேயே திறந்துவிடும்.

எம்.ஜி.பி. ஐப் பொறுத்தவரை இதனினும் முக்கியமானது வேறொன்று. ஆரம்பகால எம்.ஜி.பி. இல் வடிகட்டி, நீண்ட ஆணியொன்றால் பிணைக்கப்பட்ட கிண்ணத்தினுள் கீழ்நோக்கித் தொங்கியது. பின்னர் அது மேல்நோக்கி நிமிர்த்தப்பட்டது. அதன் பின்னர் கழற்றியெறியும் தகர வடிகட்டி வந்தபோது அதுவும் வாய் கீழாகவே பொருத்தப்பட்டது. வாய் கீழாகக் கவிழ்ந்த பாத்திரத்தில் எண்ணெய் எவ்வாறு தங்கும்? இரவில் கார் நிற்கும்போது வடிகட்டியிலுள்ள எண்ணெய் மீண்டும் சம்ப்பினுள் இறங்கிவிடாதபடி இறப்பர்த் தகடு ஒன்று உள்ளே காவலிருக்க வேண்டும். அது இல்லாவிடின், அல்லது வெப்பத்தில் வரண்டு விறைத்துவிடின், மறுநாட் காலையில் பம்ப் முதலில் வெற்றுக் குவளையை நிரப்பி, அதன் பின்னரே பெயாரிங்கைக் கவனிக்கும். அந்த ஏழெட்டு வினாடிகளின் விளக்கம் இதுவே. சாதாரண இறப்பரிலும் சிலிக்கோன் இறப்பர் வெப்பத்தைத் தாங்கி நெடுநாள் நெகிழ்வுடன் இருக்கும். வாங்குமுன் வாயைச் சுற்றியுள்ள சிறு துளைகளினூடே ஒரு தீக்குச்சியால் மெதுவாக அழுத்திப் பார்த்தால் தகடு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். இச்சிறு சோதனையைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை. வாங்குபவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதுமில்லை.

பழைய கிண்ண வடிகட்டியுள்ள கார்களில் வேறொரு பொறி உண்டு. கிண்ணத்தின் விளிம்பு அமரும் பள்ளத்தில் பழைய இறப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு, பள்ளத்தின் அடியே போன்று கறுத்துக் கிடக்கும். அதை ஊசியால் கிளறி எடுக்காமல் அதன்மேல் புதியதை வைப்பவர் எத்தனை இறுக்கினாலும் எண்ணெய் கசியும். கேம்பிரிட்ஜ் கார் ஒன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வளையங்களைத் தாம் எடுத்ததாக முதியவர் சொன்னார்.

வடிகட்டி நிறுவனங்களின் பட்டியல்களில் காரின் ஆண்டுக்கேற்ற இலக்கம் தரப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டு கடந்த காருக்கு அது முற்றாக உதவாது. இடையில் இயந்திரம் மாறியிருக்கலாம். வடிகட்டி பூட்டும் தலைப்பகுதி மாறியிருக்கலாம். கவிழ்ந்ததைத் தொங்கவிடும் மாற்றுத் தலையும் விற்பனைக்கு உண்டு. ஆகவே பதிவுப் புத்தகத்தை விரிப்பதற்கு முன் காரின் மூடியைத் திறந்து பார்த்தலே அறிவுடைமை. பொருளும் கிடைக்காததன்று. எம்.ஜி.பி. இன் முழு உடற்கூடே 1988 முதல் பிரித்தானியாவில் மீண்டும் செய்து விற்கப்படுகிறதெனின், வடிகட்டிக்கு என்ன பஞ்சம்? முதியவர் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இலண்டனிலுள்ள சிறியதாயார் மூலம் மூன்று வாரங்களில் உரிய வடிகட்டி வந்து சேர்ந்தது.

அதைப் பூட்டுமுன் அவர் செய்த காரியமே அவளைக் கலங்க வைத்தது. கழற்றிய பழைய வடிகட்டியின் தகரத்தை வெட்டி, உள்ளிருந்த மடிப்புத் தாளை ஒரு முழ நீளத்துக்கு விரித்து, வெயிலிற் பிடித்தார். கரிய எண்ணெயினூடே சில பொட்டுக்கள் மின்னின. காந்தத்தை அருகில் கொண்டு சென்றார், பொட்டுக்கள் அசையவில்லை. அவை இரும்பல்ல. இத்தகைய பெயாரிங் உருக்கு ஓட்டின்மேல் செப்புக்கலவை படிந்து, அதன்மேல் ஈயக்கலவை மென்பூச்சுக் கொண்டது. வெண்மையாக மின்னின் மேற்பூச்சுத் தேய்கிறது. செம்மை தோன்றின் பூச்சு முடிந்து செப்பு வெளிப்பட்டுவிட்டது. பொட்டுக்களுட் பெரும்பாலானவை வெண்மை. இரண்டு மாத்திரம் செந்நிறமாயிருந்தன.

“உங்கடை அப்பா நல்லாத்தான் வைச்சிருந்திருக்கிறார். இந்தக் கடைசிப் பில்டர்தான் திண்டிருக்கு” என்றார் முதியவர். எஞ்சினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி, பெயாரிங் ஓடுகளை மாற்றலாம் என்றும், தண்டு கீறப்பட்டிருந்தால் செலவு பன்மடங்காகும் என்றும், அதைத் திறவாமல் எவராலும் சொல்லமுடியாது என்றும் விளக்கினார்.

புதிய வடிகட்டி பூட்டப்பட்டது. வளையத்தில் எண்ணெய் தடவி, அது இருக்கையைத் தொட்டபின் கையால் முக்காற் சுற்று. ஸ்பானர் எதுவும் பாவிக்கப்படவில்லை. இரவு முழுவதும் நின்ற காரை மறுநாட் காலை முடுக்கியபோது முள் இரண்டு வினாடிகளில் எழுந்தது. தட்டல் கேட்கவில்லை. வாங்க வருபவர் அன்று மாலை வந்தால் எதனையும் அறிய வழியிருந்திருக்காது.

அவள் மடிப்புத் தாளில் பொட்டுக்கள் இருந்த துண்டை வெட்டியெடுத்து ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டாள். மாலையில் வந்தவரிடம் அதையே முதலில் நீட்டினாள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். விலையைக் குறைத்துக் கேட்டார். பின்னர் சம்ப்பைத் திறந்து பார்க்கும்வரை இருவரும் பொறுப்பதென்று ஒப்புக்கொண்டார். முதியவர் வடிகட்டியின் மேல் திகதியையும் ஓடிய மைல்களையும் கறுப்பு மையால் எழுதினார். சம்ப்பைத் திறக்கும் நாள் வரை மெதுவாக ஓடும்படியும், எவர் கழற்றினாலும் இந்த வடிகட்டியை எறிந்துவிடாமல் தம்மிடம் கொண்டு வரும்படியும் சொல்லியனுப்பினார்.